வீட்டுக்கு வாங்கிய தாலிக்கொடி

கிள்ளான் நகைக்கடையில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் விரித்தேன். சிரிப்பு நின்றது.

உள்ளே இருந்தது தாலிக்கொடி. தடித்த முறுக்குக் கொடி. கல் இல்லை, பூவேலை இல்லை. தாலி இல்லாத வெறும் கொடி. பல வருடம் ஓர் உடம்பில் கிடந்த நகை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கொக்கியின் இடுக்கில் பவுடரும் வேர்வையும் சேர்ந்து கறுத்திருந்தது.

விற்க வேண்டும் என்று சொன்னேன்.

அவள் கொடியைத் தொடவில்லை. வெல்வெட் தட்டை மட்டும் அதன் பக்கத்தில் தள்ளி வைத்தாள். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "வீட்டுல...?" என்று இழுத்தாள்.

"வீட்டுல யாரும் இல்லம்மா," என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். காலையில் பூட்டிவிட்டு வந்தால், மாலையில் நானே போய்த் திறக்கும்வரை உள்ளே ஒருவரும் இருப்பதில்லை. கேட்டாள், உள்ளதைச் சொன்னேன்.

ஆனால் நம் பேச்சில் ஓர் ஆணிடம் 'வீட்டுல' என்று கேட்டால் அவன் மனைவியைத்தான் கேட்கிறார்கள். இது எனக்குத் தெரியாதது இல்லை. என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை என்பதால் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அவள் முகம் வாடிவிட்டது. "மன்னிச்சிருங்கண்ணே, கேட்டிருக்கக் கூடாது," என்றாள். மின்விசிறிக்கு அடியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். முதலாளி வங்கிக்குப் போயிருக்கிறார், வந்ததும் அவரே பார்ப்பார் என்றாள். அவள் பெயர் ஈஸ்வரி என்று சட்டையில் குத்தியிருந்தது. ஒரு கண்ணால் படித்தேன்.

மூன்றும் எட்டும்

ஒரு கண்ணால் என்று சொன்னேனே, அதற்காகத்தான் அந்தக் கொடியை விற்கப் போயிருந்தேன்.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் காக்கும் ஜாகா வேலை எனக்கு. பகல் ஷிப்ட். உள்ளே வரும் லோரியின் நம்பரைக் குறித்துக்கொண்டு தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட வேண்டும். சிரமமான வேலை இல்லை. கண் தெரிந்தால் போதும்.

இடது கண்ணில் புரை விழுந்து, வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. வெயிலில் எல்லாம் பால் ஊற்றியது மாதிரி தெரியும். மூன்றும் எட்டும் எனக்கு ஒன்றாகிவிட்டன. அப்படி ஒரு நாள் நம்பர் மாறி, வேறு கம்பெனிக்குப் போக வேண்டிய லோரியை உள்ளே விட்டுவிட்டேன். அது பாதிச் சரக்கை இறக்கிய பிறகுதான் தெரிந்தது.

சூப்பர்வைசர் சின்ன வயது ஆள். கத்தவில்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். "அங்கிள், மாசக் கடைசிக்குள்ள கண்ணைப் பாத்துருங்க லா. இல்லன்னா நான் வேற ஆள் எடுக்கணும். மேல இருந்து கேக்குறாங்க."

அரசாங்க ஆஸ்பத்திரியில் அடுத்த வருடத்துக்கு நாள் கொடுத்தார்கள். தனியார் ஆஸ்பத்திரியில், பணம் இருந்தால் நாளைக்கே வரச் சொன்னார்கள். என்னிடம் இருந்த பணம் முழுவதும் அந்தக் கைக்குட்டைக்குள் இருந்தது. கொடி விற்றால் கண். விற்காவிட்டால் கண்ணும் இல்லை, வேலையும் இல்லை, வேலை போனால் அறையும் இல்லை.

கையில் பிடிக்கிற தங்கம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு நான் எத்தனை இடத்தில் என்னென்ன வேலை செய்தவன் என்று தெரியும். லோரியில் மூட்டை ஏற்றியது, சாப்பாட்டுக் கடையில் தட்டு மங்கு கழுவியது, செராஸ் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் துணி விற்றது எல்லாம் முன்பே எழுதிவிட்டேன். இடைநிலைப் பள்ளியில் ஒரு வருடம் உட்கார்ந்ததோடு என் படிப்பு முடிந்தது.

இப்படி அலைந்தவனுக்கு ஓய்வுக்காலச் சேமநிதி எவ்வளவு இருக்கும்? பாதி முதலாளிகள் கட்டவே இல்லை. கட்டியவர்கள் கட்டியதெல்லாம் சேர்ந்து, ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய பணம் அதுதான்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் இருந்தேன். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே எங்கள் அறை. கடைக்காரர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். வெங்காயம் வதக்குகிற வாசனை விடிந்ததும் படி ஏறி வந்து எங்களை எழுப்பும்.

அறையில் என்னோடு இருந்தவன் மணியம். எனக்கு முன்னால் அவனுக்குப் பணம் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று தங்கத் திட்டம் ஒன்றில் போட்டான். தங்கம் அவர்களிடமே பாதுகாப்பாக இருக்கும், மாதம் பிறந்தால் பங்குப் பணம் வரும், இவனிடம் ஒரு பத்திரம் கொடுப்பார்கள். சில மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது. கோழிப் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். பிறகு நின்றது. ஆபீசுக்குப் போய்ப் பார்த்தால் அங்கே முடி வெட்டுகிறார்கள்.

பத்திரத்தில் தங்கத்தைத் தடவிப் பார்க்க முடியாது என்று பாய் சொன்னார். மணியத்தைக் கிண்டல் செய்யத்தான் சொன்னார். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

வங்கிமேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் நான் அறை மாற்றும் வேகத்துக்கு வங்கிக் கடிதம் என்னைத் துரத்திப் பிடிக்காது. ரகசிய நம்பர் மறந்து இரண்டு முறை கார்டை மெஷின் விழுங்கியிருக்கிறது. அதனால் முடிவு செய்தேன். தங்கம். தடவிப் பார்க்கிற தங்கம்.

யாருக்கு, அங்கிள்?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாள் என் செருப்பைப் பார்த்துவிட்டுச் சின்ன மோதிரங்கள் இருக்கும் பக்கம் அழைத்துப் போனார். பணத்தைக் காட்டியதும் திரும்பி வேறு பக்கம் அழைத்துப் போனார்.

எனக்குத் தெரிந்த விதத்தில் கேட்டேன். எடை அதிகம் வேண்டும், செய்கூலி குறைவாக வேண்டும், எந்த நகை? தங்கக் கட்டி அன்று அவர்களிடம் இல்லை. வேலைப்பாடு உள்ளதெல்லாம் கூலியில் போய்விடும், அப்படிப் பார்த்தால் தாலிக்கொடிதான் என்றார். எடுத்து என் கையில் வைத்தார். உள்ளங்கை கீழே இறங்கியது. அந்தக் கனம் எனக்குப் பிடித்துவிட்டது.

"யாருக்கு, அங்கிள்?"

"வீட்டுக்குத்தான்," என்றேன். வீட்டில் வைத்திருக்க என்ற அர்த்தத்தில் சொன்னேன்.

அவர் குஷியாகிவிட்டார். அறுபதாங் கல்யாணமா என்று கேட்டார். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். ஆன்டியையும் கூட்டி வந்திருந்தால் நீளம் சரிபார்த்திருக்கலாமே என்றார். நீளமாக இருந்தால் எடை கூடும்தானே, நீளமாகவே கொடுங்கள் என்றேன். பெட்டியில் மஞ்சளும் குங்குமமும் ஒரு மல்லிகைச் சரமும் வைத்துக் கொடுத்தார்.

அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது மணியம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "டேய், பொண்ணு எங்கடா?" என்றான்.

அவன் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து பாய் என்ன சத்தம் என்று கேட்டார். பத்திரம் போனபிறகு மணியம் சிரித்தது அன்றுதான்.

பொத்தான்

வாங்கியது சுலபம். வைப்பதுதான் கஷ்டம்.

அரிசி டின்னில் வைத்தேன். அரிசி தீரத் தீர பயம் வந்தது. மெத்தைக்குள் தைத்து வைத்தேன். வேலைக்குப் போனால் நாள் முழுக்க மெத்தை ஞாபகம். பிறகு மணியம் அவன் அக்கா வீட்டுக்கு ஈப்போ போய்விட்டான். நான் கிள்ளானுக்கு மாறினேன். புது அறையில் ஒரு நாள் மத்தியானம் வந்து பார்த்தால் பூட்டைச் சுற்றி யாரோ சுரண்டியிருந்தார்கள். உள்ளே வரவில்லை. அன்று கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

தாலிக்கொடியின் நீளம் சும்மா வைத்த நீளம் இல்லை. பனியனுக்குள் விட்டால் வயிறுவரை இறங்கி வெளியே ஒன்றும் தெரியாது. மேல் பொத்தானை மட்டும் போட வேண்டும். ஜாகா உடுப்பில் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தால், ஒழுங்கான ஆள் என்று நினைக்கிறார்கள்.

காலையில் குளித்துவிட்டு வந்தால் சில்லென்று இருக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் உடம்புச் சூடு ஏறிவிடும். கமுட்டர் ரயிலில் கூட்டம் நெருக்கினால் சட்டைக்கு மேலாகவே கை போய்ப் பிடித்துக்கொள்ளும். வேர்க்குருவுக்குப் பவுடர் போடுவேன். குனிந்து எழுந்தால் வெளியே வழுக்கும், இரண்டு விரலால் உள்ளே தள்ளுவேன். எப்போது இதெல்லாம் பழகியது என்று தெரியவில்லை.

ஒருமுறை இருமல் விடாமல் நெஞ்சுப் படம் எடுக்கப் போனேன். உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, கூட வந்தவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார் நர்ஸ். வெளியே வந்து பார்த்தேன். நீள பெஞ்சில் எல்லோரும் இரண்டு பேராக, மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் கைப்பை, இன்னொருவரிடம் கண்ணாடி, யாரோ ஒருவரின் பல்செட்கூட மகள் கையில் இருந்தது. நான் திரும்பிப் போய், கூட வந்தவர் கழிவறைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கொடியைச் செருப்புக்குள் வைத்து, அந்தச் செருப்பைப் பார்த்தபடியே மூச்சைப் பிடித்து நின்றேன்.

கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று சிலர் கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை. செராஸ் பாசாரில் பக்கத்துக் கடையில் வளையல் விற்ற ஒருத்தி, நீங்கள் எங்கேதான் நிலையாக இருப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டாள். நான் அடுத்த வாரம் கப்பல் துறைமுகத்துக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னேன். அந்தக் கேள்வியில் வேறு ஒரு கேள்வி இருந்தது என்று புரிந்தபோது நான் துறைமுகத்தில் இருந்தேன்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொழுது போய்விடும். மாலையில் சாப்பாடு வாங்கப் போகும்போது தொண்டை கட்டியிருக்கும். அந்த நாட்களில் நெஞ்சில் அந்தக் கனம் இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முதலாளி வந்தார்

கிள்ளான் கடையில் மின்விசிறிக்கு அடியில் நான் உட்கார்ந்திருந்தபோது, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி ஒருவன் வந்து ஒரு கைச்சங்கிலியை நீட்டினான். ரசீது கேட்டாள் ஈஸ்வரி. இல்லை என்றான். வாங்க முடியாது என்று அனுப்பிவிட்டாள்.

என்னிடம் ரசீது இருந்தது. ஆனால் அது மெஷினில் அச்சாகும் வழவழப்புத் தாள். வருடம் ஓட ஓட எழுத்தெல்லாம் ஆவியாகி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் விற்ற கடையும் இப்போது இல்லை. அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள்.

முதலாளி வந்தார். எழுபது வயது இருக்கும். ஈஸ்வரி அவர் காதோரம் ஏதோ சொன்னாள். அவர் என் எதிரில் உட்கார்ந்து, வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரசீது இல்லாம நான் கொடி வாங்குறதில்லீங்க. ரோட்டுல அறுத்துட்டு ஓடுறவன் கொண்டாறது கொடிதான். போலீஸ் வந்து எங்க கழுத்தப் பிடிக்கும்."

நான் என் அடையாள அட்டையை, ஐசியை எடுத்து வைத்தேன். அவர் ஐசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்காகச் செய்றேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் வீட்டுல போயிட்டாங்க. மத்தவங்ககிட்ட வாங்குறப்ப விலையில கழிவு எடுப்பேன். உங்க வீட்டுல அவங்க போட்டிருந்ததுல நான் எடுக்கக் கூடாது."

வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். மாதம் முடியப் போகிறது. கண்ணை நினைத்தேன். ஐசியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

ஈஸ்வரி பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பால் வாங்கி வந்தாள். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் வழக்கமாம். போய்ச் சேர்ந்தவர்களின் கொடி வந்தால், அவர்கள் பெயரைச் சொல்லிப் பாலில் நனைத்துவிட்டுத்தான் உருக்க அனுப்புவார்கள். கொடியை அவள் இரண்டு கையாலும் எடுத்தாள். முதன்முறையாக அதைத் தொட்டாள்.

"நல்லாப் புழங்கிய கொடி. அக்கா ஒரு நாள்கூடக் கழட்டியிருக்க மாட்டாங்க போல," என்றாள். "பேரு சொல்லுங்கண்ணே."

ஒரு பெயர்தான். எந்தப் பெயரும் சொல்லியிருக்கலாம். லெட்சுமி என்று சொல்லலாமா? பாய் கடையில் காய்கறி நறுக்கிய லெட்சுமி இன்னும் இருக்கிறாள். சாந்தி? நான்கு சாந்திகளை எனக்குத் தெரியும், எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். வளையல் விற்றவளின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பாலில் ஒருத்தியைக் கொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரோ உண்மையாகவே ஒருவரைப் பறிகொடுத்தவர்.

"அப்படி யாரும் இல்லம்மா. நான்தான் போட்டிருந்தேன்."

ஈஸ்வரியின் கை டம்ளருக்கு மேலே அப்படியே நின்றது. முதலாளி என் ஐசியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நீங்க போட்டிருந்தீங்க."

"ஆமாங்க."

"தாலிக்கொடிய."

"செய்கூலி கம்மின்னு சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. தொலைபேசி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஈஸ்வரியிடமிருந்து கொடியை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"போடுங்க, பாப்போம்."

வாங்கிப் போட்டேன். தலை தானாக இடப்பக்கம் சாய்ந்தது. பிடரியில் விழுந்ததைப் பின்னால் கைவிட்டு நேராக்கினேன். காலரைத் தூக்கி, இரண்டு விரலால் பனியனுக்குள் தள்ளி, மேல் பொத்தானைப் போட்டு, சட்டைக்கு மேலாக ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டேன். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

ஈஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ முதலாளி, எங்கம்மா கோயிலுக்குக் கிளம்புறப்ப அச்சு அசலா இப்படித்தான் தட்டுவாங்க."

முதலாளி எழுந்து சுற்றி வந்து, என் காலரை விலக்கி, நகையைப் பார்க்கிற கண்ணாடியை வைத்து என் பிடரியைப் பார்த்தார். கொடி கிடந்த இடத்தில் ஒரு தழும்பு வட்டம் இருப்பது எனக்கே அவர் சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐசியை என்னிடம் தள்ளினார்.

"கழட்டுங்க. ஆனா கழிவு உண்டு. பொண்டாட்டி இல்லாதவனுக்கெல்லாம் என்னால தள்ளுபடி குடுக்க முடியாது."

எடை போட்டார். வாங்கியபோது இருந்ததைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. போட்டுக்கொண்டே இருந்தால் தேயும், உங்கள் சட்டையிலும் தோளிலும் போயிருக்கும் என்றார். விலையோ நான் வாங்கிய நாளைவிட எங்கேயோ ஏறியிருந்தது. கழிவு போக, கண்ணுக்கு ஆகி, மிச்சமும் இருக்கும்படி வந்தது. மிச்சத்துக்குத் தங்கம் வாங்குவதானால் இந்த முறை கட்டியாக வாங்குங்கள், கொடி கேட்டு வந்தால் தரமாட்டேன் என்றார்.

கொடியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே எடுத்துப் போனார். நான் மேல் பொத்தானைத் திரும்பப் போடவில்லை. கழுத்தில் காற்று பட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மேசைமேல் பால் அப்படியே இருந்தது. ஈஸ்வரி அதை உள்ளே எடுத்துப் போகத் திரும்பினாள். பிறகு நின்று, டம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"யாரும் சாகலையே. நீங்க குடிங்கண்ணே. சீனி போடல, குடிக்கிறதுக்குன்னு வாங்கலயில்ல."

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அடிவரைக்கும் குடித்தேன்.